புரட்டாசியும் ஐ.என்.ஆரும்

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

புரட்டாசி பிறந்தாச்சு. மதுரைப் பக்கம் கறியும் மீனும் நின்று கீரை ஏறும் மாதம். இதயத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு இப்போது ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) இறங்கினால் முதலில் தட்டைத்தான் விசாரிக்க வேண்டும். அவர்கள் போடும் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகள் இரண்டும் கல்லீரலில் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே ரத்தம் உறைவதை மட்டுப்படுத்துகின்றன. முருங்கைக்கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். அதற்காக "கீரையே தொடாதீங்க" என்பது மோசமான அறிவுரை. அடியோடு விட்டவருக்கு எண் நிலையாக நிற்காது. வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி என்பது வழக்கமானால் புரட்டாசியிலும் அதே இரண்டு நாள்தான். விரதம் என்று நாள்கணக்கில் சாப்பாடே குறைந்தால் கணக்கு திரும்பும்: எண் ஏறும்.

செப்டம்பர் 19, வியாழன்

இலக்கு எண்: அயோர்டிக் இடத்தில் (இதயத்திலிருந்து ரத்தம் உடலுக்கு வெளியேறும் வாசல்) இரட்டை இதழ் வால்வு, வேறு ஆபத்துக் காரணம் இல்லை என்றால் 2.5. மிட்ரல் (இதயத்தின் இடது மேல், கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள வாசல்) என்றால் 3. இரண்டிலும் மேலே கீழே அரை வரை போகலாம். அயோர்டிக் வால்வோடு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கும் 3. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடுவது வீண்.

செப்டம்பர் 21, சனி

மாத்திரையைக் குறை சொல்லுமுன் டியூபைப் பார்க்கணும். நீல மூடி டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சிட்ரேட் 0.3 மி.லி. இருக்கும், ரத்தம் 2.7 மி.லி., அதாவது கோடு வரை. நரம்பு கிடைக்கவில்லை என்று 2 மி.லி.யோடு நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சும், உறையும் நேரம் நீளும், ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வில் ரத்தக்கட்டி உட்காரும். எதிர்பாராத எண் வந்தால் மறுபடி குத்துவதே மலிவான வைத்தியம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ எடுத்து மதுரைக்கு அனுப்பும் ரத்தத்தை ஐஸில் வைக்கக்கூடாது. குளிரில் ஏழாம் உறைகாரணி (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்று) தூண்டப்பட்டு முடிவு மாறும். பைக் பெட்டியில் வெயிலில் காயவும் கூடாது. முடிந்தவரை ஒரே லேப்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அளவை மாற்றுவது வாரக் கணக்கில். தினம் 3 மி.கி. அசிட்ரோம் என்றால் வாரம் 21. எண் கொஞ்சம் குறைவு, காரணமும் அகப்படவில்லை என்றால் பத்து சதவீதம் போல ஏற்றலாம்: புதனும் ஞாயிறும் 4 மி.கி., மற்ற நாள் 3, மொத்தம் 23. ஐந்திலிருந்து ஏழு நாள் கழித்து மறு பரிசோதனை. மறுநாளே குத்தி ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டாம் உறைகாரணி பாதியாகக் குறையவே மூன்று நாள் போல ஆகும்.

சீட்டில் "ஒண்ணரை மாத்திரை" என்று எழுதுபவர்களைக் கண்டால் கோபம் வரும். கடையில் 2 மி.கி. தீர்ந்து 1 மி.கி. அட்டை கொடுத்தால் அதே ஒண்ணரை பாதி மருந்தாகிவிடும். மி.கி.யையும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதணும். ராத்திரி மாத்திரை மறந்து அன்றே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடணும், இரட்டிப்பாகப் போடக்கூடாது.

செப்டம்பர் 27, வெள்ளி

காய்ச்சல் சீசன். கிருமிக்கும் பூஞ்சைக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளுகோனசோல் எண்ணை ஏற்றும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட ஏற்றும். ஆரம்பித்த மூன்று முதல் ஐந்து நாளில் பரிசோதனை. டி.பி.க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர், அதற்கு ஈடுகட்ட அசிட்ரோமை நிறைய ஏற்ற வேண்டிவரும். ஆபத்து கோர்ஸ் முடிந்த பிறகு: ரிஃபாம்பிசின் நின்ற சில வாரத்தில் அதே அளவு ரத்தக்கசிவில் கொண்டுவிடும். வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் போட்டால் எண் நன்றாகவே இருக்கலாம், வயிற்றில் ரத்தம் கசியும். வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் தினம் 2 கிராம் என்று பல நாள் தொடர்ந்தால் எண் பார்க்கணும். இடுப்பில் ஊசி வேண்டவே வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும்.

அக்டோபர் 4, வெள்ளி

மாதாமாதம் குத்தத் தேவையில்லாத புது மாத்திரைகளைப் பற்றிய கேள்விக்கு ஒரே பதில்: உலோக வால்வுக்கு ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரான் ஆய்வு ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் நிறுத்தப்பட்டது, முடிவு 2013-ல் வெளியானது. அபிக்சபான் ஆய்வும் 2022-ல் நின்றுபோனது.

அக்டோபர் 8, செவ்வாய்

வால்வின் டிக் சத்தம் மங்கி மூச்சுவாங்கினால் அன்றே எக்கோ (இதய ஸ்கேன்). இதழ் அசைகிறதா என்று ஃப்ளூரோஸ்கோப்பியிலும் (அசைவைக் காட்டும் எக்ஸ்ரே) பார்ப்பார்கள். வாய் கோணினால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். கடைசி மாத்திரை எப்போது போட்டது என்று சொல்லத் தெரிந்தவர் கூடப் போகணும். அங்கே உடனே ஐ.என்.ஆர். எடுப்பார்கள், 1.7-க்கு மேல் இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது.