அப்பப்பாட கணக்குக் கொப்பிக்குள்ள இருந்த 23 நோட்டு

கொட்டாஞ்சேனை வீட்ட விக்கிறதுக்காக சாமான் ஒதுக்கேக்க அப்பப்பாட கடைக் கணக்குக் கொப்பி ஒண்டுக்குள்ள 23 பழைய நோட்டு, துருப்பிடிச்ச குண்டூசியால குத்தினபடி கிடந்துது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு ரூபா ஒண்டு, எலிசபெத் ராணி போட்ட ஒரு ரூபா ஒண்டு, பண்டாரநாயக்க படம் போட்ட 100 ரூபா நாலு, மிச்சமெல்லாம் நாங்க சின்னனில மிட்டாய் வாங்கின 2 ரூபா, 5 ரூபா. மாமி ஃபோன்ல எதையோ பாத்திட்டு "லட்சக்கணக்கில போகுதாமடா, ஒருத்தருக்கும் காட்டாத" எண்டா. அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரையே இல்ல, ராணி நோட்டு ரெண்டா மடிஞ்சு கிடந்தபடியா ஈரத்துணி போட்டு அயன் பண்ணியும் வச்சன், பாக்க வடிவா புதுசு மாதிரி வந்திச்சு.

முதல்ல போனது புறக்கோட்டையில ஒரு கடைக்கு. அவர் ஒண்டொண்டாப் பாக்கவே இல்ல, கட்டைத் தூக்கிப் பாத்திட்டு "எல்லாத்துக்கும் 5,000 தாறன் தம்பி" எண்டார். மாமிட லட்சம் எங்க, இது எங்க. திருப்பி வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

பிறகு ஒரு நாள் ஒஃபிஸ் லீவு போட்டு கோட்டை சதாம் வீதியில சென்ட்ரல் பொயின்ட் கட்டிடத்துக்குள்ள இருக்கிற மத்திய வங்கிட காசு நூதனசாலைக்குப் போனன். இத முதல்லயே செய்திருக்கோணும். விலை சொல்ல மாட்டினம், ஆனா எது எந்தக் காலத்து நோட்டு எண்டு கண்ணாலயே பாத்து விளங்கிக்கொள்ளலாம். மத்திய வங்கி தொடங்கினது 1950 ஓகஸ்ட்ல, அதுக்கு முந்தின நோட்டுல இலங்கை அரசாங்கம் எண்டு இருக்கும், மன்னர் படத்தோட மத்திய வங்கி அடிச்சது 1951ல ஒரு ரூபாவும் 10 ரூபாவும் மட்டும்தான், 1952ல ராணி வந்திட்டா. என்ட மன்னர் நோட்டு அரசாங்க நோட்டு, 1940கள்ல கை மாறிக் கை மாறித் தேஞ்சு போனது. எங்கட நோட்டுகள்ல திகதி அச்சடிச்சிருக்கிறதால தேடுறது லேசு, கையெழுத்தையும் பாக்கோணும், 1952 ராணி நோட்டுல நிதி அமைச்சரா ஜே.ஆர். ஜெயவர்தன, பக்கத்தில முதலாவது ஆளுநர் ஜோன் எக்ஸ்டர், அவர் ஒரு அமெரிக்கர். அங்க வச்சிருந்த 1942ம் வருச 5 சதத் தாளையும் பாத்தன், யுத்தத்தில சில்லறை இல்லாம 2 சதம் 3 சதம் எண்டு நடுவில கிழிக்கிற மாதிரி முத்திரை போல ஓட்டை போட்டிருக்கு, அப்பப்பா அதில ஒண்டை வச்சிருக்கப்படாதா!

அதுக்குப் பிறகுதான் ஒருத்தர் சொல்லி தெஹிவளையில நோட்டு சேர்க்கிற ஒரு அங்கிள்ட போனன். பிளேன்டீ தந்திட்டு ஒவ்வொண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சுப் பாத்தார். மடிப்பு, ஊசி ஓட்டை, துரு, மூலை, அதுதான் விலை, வயசு இல்லையாம். ஒரே நோட்டு மடியாம யுஎன்சியா, அதாவது ஆரும் பாவிக்காத புது நோட்டா இருந்தா ஒரு விலை, அடிபட்டுப் போனா பத்தில ஒரு பங்கு கூட வராதாம். உலகத்து நோட்டுகளுக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருக்கிற பிக் கட்டலொக் எண்ட புத்தகத்தில என்ட நோட்டுகள்ட நம்பரையும் காட்டித் தந்தார். ஈபேயில கேக்கிற விலையப் பாக்காத, வித்து முடிஞ்ச விலைய மட்டும் பார் எண்டார், கேக்கிறதெண்டா ஆரும் என்னவும் கேக்கலாம்தானே.

ராணி நோட்டைத் தூக்கி விரலால ஒரு தட்டுத் தட்டினார். "இத அயன் பண்ணினதோ?" எண்டார். எனக்கு முகம் செத்துப் போச்சு. அச்சு மேல எழும்பி நிக்கோணுமாம், அத நான் அமுக்கித் தட்டையாக்கிட்டனாம், மடிப்போட அப்பிடியே கொண்டு வந்திருந்தா இதுதான் இந்தக் கட்டுக்குள்ளயே நல்ல நோட்டாம்.

நல்ல விலை வந்தது நான் நினைக்காத 100 ரூபாவுக்குத்தான். 1970ல என்.எம். பெரேரா நிதி அமைச்சரா இருக்கேக்க 50 ரூபாவையும் 100 ரூபாவையும் செல்லாதாக்கினவர், கறுப்புப் பணத்தப் பிடிக்க. சனம் கொண்டுபோய் வங்கியில குடுத்திட்டுது, அதால கையில மிஞ்சினது குறைவு எண்டு அங்கிள் சொன்னார். அப்பப்பா குடுக்க மறந்தாரோ பயந்தாரோ தெரியாது, அந்தக் காலத்து 400 ரூபா சின்னக் காசில்ல. துரு பிடிச்சிருந்தும் நாலுக்கும் 18,000 தந்தார். 2 ரூபா, 5 ரூபாவுக்கு ஒண்டும் சொல்லேல்ல, பிள்ளையளுக்குக் குடு எண்டார்.

ராணி நோட்ட விக்கேல்ல, ஆல்பத்தில வச்சிருக்கன், பீவீசி எண்ட பிளாஸ்டிக் உறை நோட்டுக்குக் கூடாதாம், வேற நல்ல உறை வாங்கினன். மாமி மட்டும் இன்னும் நம்பேல்ல, லட்சத்த வாங்கி ஒளிச்சு வச்சிருக்கிறன் எண்டுதான் சொல்லித் திரியுறா.