மூன்று பந்து ஏறினால் மட்டும் போதாது: கல்லீரல் மாற்றுக்குப் பின் மூச்சுத் தசைப் பயிற்சி

அறுவை முடிந்து வார்டுக்கு வந்ததும் முதலில் கையில் கிடைப்பது மூன்று பந்து ஸ்பைரோமீட்டர். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை இழுக்கச் சொல்வார்கள். முதல் பந்து ஏற விநாடிக்கு 600 மில்லி, மூன்றும் ஏற 1,200 மில்லி காற்று ஓட வேண்டும். பலர் அதை ஊதிப் பார்த்துவிட்டு "பந்து அசையவே இல்லை" என்பார்கள். இழுக்க வேண்டும், ஊதக் கூடாது.

படுத்தே கிடந்ததில் சுருங்கிய காற்றறைகளை விரிப்பதுதான் அந்தப் பந்துகளின் வேலை. தசைக்கு அதில் பெரிய பளு கிடையாது. வீடு திரும்பி இரண்டு மாதமாகப் பந்தையே இழுத்துக்கொண்டிருந்தும் புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்க மூச்சு வாங்குகிறதென்றால் காரணம் அதுதான். தசை வலுவாக அதற்கு எதிர்ப்பு வேண்டும்.

கல்லீரல் மாற்றில் இந்தத் தசை பல வழியில் அடிபடுகிறது. நோய்க்காலத்தில் வயிற்றில் நீர் கோத்து, சாப்பாடு இறங்காமல் உடல் தசை முழுதும் கரைந்திருக்கும். விலா எலும்புக்குக் கீழே நீளமான வெட்டு. வெண்டிலேட்டரில் இருந்த நாள்களில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் ஓய்ந்து மெலிந்திருக்கும். வலப்பக்க நெஞ்சில் நீர் தேங்குவதும் சகஜம். போதாததற்குத் தொடக்க மாதங்களில் கொடுக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தசையை இன்னும் மெலிய வைக்கும்.

அந்த எதிர்ப்பைத் தரும் பயிற்சிக் கருவி வேறு; உள்ளங்கையில் அடங்கும். உள்ளே ஸ்பிரிங் வால்வு; குறித்த அளவு பலமாக இழுத்தால்தான் திறக்கும். அளவு சென்டிமீட்டர் நீரழுத்தத்தில். வழக்கமான ஒரு வகையில் 9 முதல் 41 வரை வைக்கலாம். எதில் தொடங்குவது என்பதைப் பிசியோ (உடலியக்கச் சிகிச்சையாளர்) அளந்து சொல்வார்: மூச்சை முழுதும் வெளியே விட்டு, அடைத்த குழாயை ஓரிரு விநாடி முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும். 60 வந்தால் அதில் 30 விழுக்காடு, அதாவது 18. முதல் நாள் அளவை அப்படியே நம்ப வேண்டாம். இழுக்கும் விதம் பிடிபடாததாலும் தையல் வலிக்கும் பயத்தாலும் அது குறைவாகவே வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் கருவி லேசாகவே இருந்துவிடும்.

ஒரு வேளைக்கு 30 மூச்சு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பத்துப் பத்தாகப் பிரித்து நடுவே ஒரு நிமிடம் ஓய்வெடுங்கள். நேரம் ஒதுக்க எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி, புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையோடு கோத்துவிடுவது. அதை வெறும் வயிற்றில் போட்டால் சாப்பிட ஒரு மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரம் பயிற்சிக்கு. இரத்தப் பரிசோதனை நாளில் மட்டும் இரத்தம் எடுத்த பிறகே மாத்திரை. பயிற்சியை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

முதுகு சாயாமல் நாற்காலியில் உட்காருங்கள். மூக்கில் கிளிப். சிறு தலையணையை வெட்டின் மேல் அணைத்துக்கொள்ளுங்கள். டாக்ரோலிமஸால் கை நடுங்கினால் கருவியை இரு கையாலும் பிடித்து, முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். முதலில் மூச்சை நன்றாக வெளியே விட வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நெஞ்சு பாதி நிறைந்த நிலையில் உதரவிதானம் ஏற்கெனவே சுருங்கித் தட்டையாக இருக்கும். அங்கிருந்து இழுக்க வலு வராது. பிறகு வேகமாக, பலமாக இழுத்து, நிதானமாக விடுங்கள். வால்வு திறக்கும்போது காற்று சீறும் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் உதட்டோரம் காற்று கசிகிறது, அல்லது அளவு அதிகம். வார்டில் ஓயாமல் கேட்கும் வார்த்தை: "அங்கிள், தோளைத் தூக்காதீங்க, விலா விரியட்டும்." தோள் ஏறினால் கழுத்துத் தசைதான் உழைக்கிறது.

உதடு மரத்து, விரல் நுனி குறுகுறுத்து, தலை சுற்றினால் மூச்சு மிக வேகமாகப் போகிறது, கரியமில வாயு குறைந்துவிட்டது என்று பொருள். நிறுத்தி, அடங்கிய பிறகு மெதுவாகத் தொடருங்கள். வலி தடுத்தால் மருத்துவர் குறித்த அளவில் பனடால் போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்யலாம். ஐபுபுரூஃபன் வகை வேண்டவே வேண்டாம். டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் சிறுநீரகம் கெடும்.

சிரமம் பத்துக்கு நான்கு முதல் ஆறுக்குள் இருப்பது சரி. மூன்றுக்குக் கீழே போனால் வாரம் ஒருமுறை அளவை இரண்டு ஏற்றலாம். பிரெட்னிசலோன் கூடுதலாக இருக்கும் வாரங்களில் ஏறாமலே நிற்கும், விட்டுவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி அளக்க வேண்டும்.

நெஞ்சில் காற்றுக் கசிவு, செவிப்பறைக் கிழிசல் இருந்தால் இந்தப் பயிற்சி கூடாது. காய்ச்சல், புதிய நெஞ்சுவலி, வெட்டருகே புடைப்பு வந்தால் நிறுத்திவிட்டு உறுப்பு மாற்றுக் குழுவை அழையுங்கள். உட்கார்ந்தால் சரியாக இருந்து, படுத்தால் மூச்சு முட்டுகிறதா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வலப்பக்க உதரவிதான நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், நீர் கூடியிருக்கலாம், ஸ்கேனில் தெரிந்துவிடும்.

சுத்தத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பூஞ்சை ஆபத்து. சிங்கப்பூர் ஈரக்காற்றில், குளியலறை அலமாரியில் வைத்த கருவி சீக்கிரம் பூத்துவிடும். தினமும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, உதறி, சுத்தமான துணிமேல் கவிழ்த்துக் காற்றாட விடுங்கள். நன்றாகக் காயாமல் டப்பாவில் மூட வேண்டாம். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவரும் அதே வீட்டில் இருக்கலாம். வயிற்றில் வெட்டு அவருக்கும் உண்டு. அவருக்கும் பயிற்சி தேவைப்படலாம், ஆனால் கருவி தனித்தனி. புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ என்ற காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் சன்னலைச் சாத்தி உள்ளே செய்யுங்கள், நடைப்பயிற்சியை வீட்டு வரவேற்பறைக்கு மாற்றுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிசியோ முன்னால் பத்து மூச்சு இழுத்துக் காட்டினால், தோள் ஏறுகிறதா, உதட்டோரம் கசிகிறதா என்பதை அவரே பார்த்துத் திருத்திவிடுவார்.