பாண்டில பிரிட்ஜ் எடுத்தா லாபமா?

அக்கா பொண்ணுக்கு கல்யாணம். தாய்மாமன் சீர்ல பிரிட்ஜ் என் பொறுப்பு. போன மாசம் கொருக்குப்பேட்டை வீட்டுல உக்காந்து லிஸ்ட் போடும்போது மாமா சொன்னாரு, "இன்னாத்துக்குப்பா இங்க எடுக்கறே, பாண்டில எடு, அங்க டேக்ஸே கிடையாது"ன்னு. வீட்டுல பாதி பேரு ஆமா ஆமான்னு தலையாட்டிட்டாங்க. நான் சென்னை பாரிஸ் கார்னர்ல ஒரு ஹார்ட்வேர் கடைல வருஷக்கணக்கா கணக்கு எழுதறவன், அன்னிக்கு வாயால சொல்லி புரியவைக்க முடியல, அதான் பொறுமையா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

மாமா சொல்றது ஒரு காலத்துல ஓரளவு உண்மைதான். ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாநிலமும் தன்னோட சேல்ஸ் டேக்ஸ் ரேட்ட தானே வச்சிக்கலாம், புதுச்சேரி சின்ன யூனியன் பிரதேசம், நிறைய சாமானுக்கு நம்மளவிட கம்மியா வச்சிருந்தாங்க, அதனால இங்க இருந்து பஸ் ஏறி போயி டிவி, மிக்ஸின்னு வாங்கிட்டு வந்தவங்க ஏகப்பட்ட பேரு. எங்க நைனா கூட ஒரு டேப் ரெக்கார்டர் அப்டிதான் மடில வச்சே தூக்கிட்டு வந்தாரு.

கடைக்காரங்களுக்கு மட்டும் அது அவ்ளோ சுலபம் இல்ல. வெளி மாநிலத்துல இருந்து வியாபாரத்துக்கு சரக்கு எடுத்தா மத்திய விற்பனை வரின்னு தனியா ஒண்ணு, வாங்கறவரு சி ஃபார்ம்னு ஒரு படிவம் குடுத்தாதான் கம்மி ரேட்டு, கடைசியா 2 பர்சன்ட்ல இருந்துச்சு. அந்த ஃபார்ம் கைக்கு வரலன்னா முழு ரேட்டு தலைல விழும். ஒரு சி ஃபார்முக்காக ஒரே பார்ட்டிக்கு பத்து தடவ போன் போட்ட நாளெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

2017 ஜூலை 1ல இருந்து கதையே வேற. நாடு முழுக்க ஒரு சாமானுக்கு ஒரே ரேட்டு. பிரிட்ஜுக்கு 2018 ஜூலைல 28ல இருந்து 18 பர்சன்ட் ஆக்குனாங்க, அது வண்ணாரப்பேட்டைலயும் 18தான், பாண்டி நேரு வீதிலயும் 18தான்.

சொன்னா நம்பல. சரி, சித்தப்பா பையன் ஒருத்தன் குட்டியானை ஓட்றான், வாரா வாரம் பாண்டிக்கு லோடு அடிப்பான், அவன விட்டு அங்க ஒரு கடைல அதே மாடலுக்கு கொட்டேஷன் வாங்கிட்டு வரச்சொன்னேன், இங்க எம்.சி. ரோடு பக்கத்து கடைல நான் ஒண்ணு வாங்கினேன். ரெண்டயும் மாமா முன்னாடி வச்சேன். நம்ம கடை ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்குது, அது தமிழ்நாடு. அவங்களோடது 34, புதுச்சேரி. இங்க சாமான் விலை 20,000, மத்திய அரசு பங்கு சிஜிஎஸ்டி 1,800, மாநில அரசு பங்கு எஸ்ஜிஎஸ்டி 1,800, மொத்தம் 23,600. அங்க சாமான் விலை 19,800, ரெண்டு வரியும் 1,782, மொத்தம் 23,364. மாமா உடனே "பாத்தியா 236 ரூபா கம்மி"ன்னாரு. அதுல 200 கடைக்காரரு குறைச்ச விலை, மீதி 36 அந்த 200க்கான வரி. ரேட்டு ரெண்டுலயும் அதே 9, 9தான். வித்தியாசம் எங்கன்னா, அங்க போயி பில்லுல நம்ம சென்னை அட்ரஸ் போடாம வாங்கி ஏத்திட்டு வந்தா அந்த எஸ்ஜிஎஸ்டி புதுச்சேரி அரசுக்கு போவும், இங்க எடுத்தா தமிழ்நாட்டுக்கு வரும். பில்லுல சென்னை அட்ரஸ் போட்டா ஐஜிஎஸ்டின்னு 18ம் ஒரே வரியா வரும், அதுல மாநில பங்கு நம்ம தமிழ்நாட்டுக்குதான்.

அப்ப பாண்டில எதுதான் கம்மி? டீசல், பெட்ரோல், குடிக்கற சரக்கு. இதெல்லாம் ஜிஎஸ்டிக்குள்ள வரல, இன்னும் அந்தந்த மாநில வரிதான். தமிழ்நாட்டுல பெட்ரோலுக்கு வாட்ங்கற மாநில விற்பனை வரி 13 பர்சன்ட், அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசு. டீசலுக்கு 11 பர்சன்ட், கூட 9 ரூபா 62 காசு. அந்த லிட்டர் கணக்கு இருக்கே, அடி விலை எவ்ளோ இறங்கினாலும் அது இறங்காது. பாண்டில அப்டி கிடையாது, வெறும் பர்சன்ட் மட்டும்தான். சென்ட்ரல் எக்சைஸ் ரெண்டு இடத்துக்கும் ஒண்ணுதான்.

இதுல எனக்கு மனசு அடிச்சிக்கறது ஒண்ணு இருக்கு. பெட்ரோல் சுத்திகரிக்கிறது நம்ம மணலில. டேங்கர் லாரி எல்லாம் நம்ம ரோட்டுலதான் லைன் கட்டி போவுது. ஆனா மணலிக்காரன் பங்க்ல போடற பெட்ரோலவிட, 150 கிலோமீட்டர் தாண்டி இருக்கற காலாப்பட்டு பங்க்ல கம்மி. வரி எங்க தயாராவுதோ அத பாக்காது, எந்த ஊர் மண்ணுல வித்தாங்களோ அத பாக்கும். காலாப்பட்டு புதுச்சேரி, தாண்டினா கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதுக்கப்புறம் திரும்ப புதுச்சேரி, ஒரே ஈசிஆர்ல சில கிலோமீட்டருக்குள்ள ரேட்டு ஏறி இறங்கும். குட்டியானை ஓட்ற அந்த தம்பி அத கரெக்டா தெரிஞ்சி வச்சிருக்கான், திரும்பும்போது டேங்க ரொப்பிடுவான், 30 லிட்டருக்கு லிட்டருக்கு அஞ்சு ரூபான்னு வச்சாலும் 150 ரூபா, மாசத்துக்கு நாலு டிரிப்புன்னா 600. அவனுக்கு அது பசங்க வேன் பீஸுக்கு ஆவற துட்டு. ஆனா இதுக்குன்னே பைக் எடுத்துட்டு ராயபுரத்துல இருந்து போனா, போற வர்ற பெட்ரோலுக்கே அவ்ளோவும் போயிடும்.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தியாவுலயே முதல் பொது விற்பனை வரி நம்ம மெட்ராஸ் மாகாணத்துலதான் வந்துச்சு, 1939ல, ராஜாஜி ஆட்சில. மதுவிலக்கு கொண்டுவந்ததால கள்ளு சாராய வருமானம் போச்சு, அத ஈடு கட்ட போட்ட வரி. இன்னிக்கு பாருங்க, மாநிலம் தானே ரேட்டு வைக்கற பழைய பாணி விற்பனை வரி முக்கியமா மிச்சம் இருக்கறதே பெட்ரோல் டீசல்லயும் அந்த குடிக்கற சரக்குலயும்தான். அதனாலதான் எந்த மாநிலமும் அத ஜிஎஸ்டிக்கு விட்டுக்குடுக்க மனசு வர மாட்டேங்குதுன்னு நான் நினைக்கறேன்.

ரெண்டு கொட்டேஷனையும் எடுத்துட்டு எம்.சி. ரோடு கடைக்காரர்கிட்டயே போனேன். பாத்துட்டு அவரும் 200 குறைச்சிட்டாரு. ஞாயித்துக்கிழமை தம்பி வண்டிலயே ஏத்தி அக்கா வீட்டுல இறக்கிட்டோம், வாடகை வேணாம்னுட்டான். டேங்க்ல பாண்டி டீசல் இன்னும் பாதி இருக்குண்ணான்னு சொல்லிட்டு கிளம்பிட்டான்.