நூற்றில் 25: ரியாத் நாட்குறிப்பு

டிசம்பர் 2, 2025, செவ்வாய்

பட்டறை அலுவலகச் சுவரில் ஓர் எண்ணை அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்கள்: 24.89. சவூதி அரேபியாவின் ராணுவச் செலவில் உள்நாட்டுக்குள்ளேயே தங்கிய பங்கு அது. 2024 முடிவில் எட்டிய சதவீதம். 2018-இல் அது 4. 2016-இல் ‘விஷன் 2030’ என்ற நாட்டின் வளர்ச்சித் திட்டம் வெளியானபோது வெறும் 2 சதவீதம்தான் என்று அந்த ஆவணமே ஒப்புக்கொண்டிருந்தது. 2030-க்குள் 50-ஐத் தாண்டுவது இலக்கு.

எனக்கு மகிழ்ச்சிதான். எங்கள் பட்டறையில் கடையும் அலுமினிய உருப்படிகளும் அந்த எண்ணுக்குள் ஒரு துளி. ஆனால் என்னிடம் அளவுச் சோதனை பழகும் சவூதி இளைஞர் மதியம் கேட்டார்: “உஸ்தாத், இந்த உலோகம் எங்கிருந்து வந்தது?” சான்றிதழை எடுத்துக் காட்டினேன். ராஸ் அல்-கைரில் பெரிய அலுமினிய ஆலை இருக்கிறது. ஆனாலும் விமானத்துக்கான இந்தக் கலவை கடல் தாண்டித்தான் எங்களிடம் வந்தது. எந்திரம் ஜப்பானுடையது. வெட்டுமுனை ஸ்வீடனுடையது. வரைபடம் அமெரிக்காவுடையது. அளந்து பார்ப்பவன் கோயம்புத்தூர்க்காரன். “அப்படியானால் இதில் எங்களுடையது எது?” என்றார்.

பதில் சொல்லாமல் அடுத்த உருப்படியை எடுத்தேன். சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

விடுமுறை. அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சிப்ரி என்னும் ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2024-இல் சவூதியின் ராணுவச் செலவு 8,030 கோடி டாலர். இந்தியாவுடையது 8,610 கோடி. இங்கே மக்கள்தொகை மூன்றரைக் கோடி, அங்கே 140 கோடிக்கு மேல். சவூதியின் மொத்த உற்பத்தியில் 7.3 சதவீதம் 2024-இல் படைக்கே போனது. 2020 முதல் 2024 வரை இறக்குமதியான பெரிய ஆயுதங்களில் 74 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை.

இவ்வளவு கொடுத்தும் கடிவாளம் விற்றவன் கையில்தான். 2018-இல் சவூதிப் பத்திரிகையாளர் கஷோக்ஜி கொலைக்குப் பிறகு ஜெர்மனி சவூதிக்கான ஆயுத ஏற்றுமதியை நிறுத்தியது. யூரோஃபைட்டர் போர் விமானத்தை சவூதிக்கு விற்பது பிரிட்டன். ஆனால் அதில் ஜெர்மன் பாகங்கள் உண்டு. அதனால் புதிய விமான விற்பனை முடங்கிக் கிடந்தது. 2024 ஜனவரியில்தான் பெர்லின் இறங்கிவந்தது. அந்தக் கொலைக்கு உலகம் கோபப்பட்டது நியாயம். சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற தவிப்பும் எனக்குப் புரிகிறது. இரண்டையும் சேர்த்தேதான் என்னால் நினைக்க முடிகிறது.

டிசம்பர் 8, திங்கள்

வெப்பப் பதப் பிரிவில் இருக்கும் எகிப்தியப் பெரியவரிடம் அந்த இளைஞரின் கேள்வியைச் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “இதே கேள்விக்கு எங்கள் ஊரில் ஒருமுறை விடை எழுதிப் பார்த்தார்கள்” என்றார்.

1975-இல் எகிப்து, சவூதி, அமீரகம், கத்தார் நான்கும் சேர்ந்து அரபுத் தொழில்மயமாக்கல் அமைப்பைத் தொடங்கின. மூலதனம் நூறு கோடி டாலருக்கு மேல். வளைகுடா பணம் கொடுத்தது. ஆலையும் ஆளும் எகிப்தினுடையவை. 1979-இல் எகிப்து இஸ்ரேலுடன் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டதும் மற்ற மூன்று நாடுகளும் விலகிக்கொண்டன. ஆலைகள் கெய்ரோவிலும் ஹெல்வானிலும் அப்படியே நின்றன. இன்றும் அந்த அமைப்பு எகிப்திடம்தான் இருக்கிறது. “கை எங்கே பழகியதோ, தொழில் அங்கேயே தங்கிவிட்டது” என்றார் பெரியவர். அவருடைய தந்தை ஹெல்வானில் கடைசல்காரராக இருந்தவராம்.

இப்போது சவூதி செய்வதை அந்தக் கண்ணால் பார்க்கிறேன். 2017-இல் பொது முதலீட்டு நிதியின் கீழ் ‘சாமி’ என்ற அரசு ஆயுத நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டே ஸ்பெயினின் நவான்டியாவுடன் ஐந்து போர்க்கப்பல்களுக்கு ஒப்பந்தம். கப்பல் உடலைக் கட்டியது ஸ்பெயின். அதன் போர் மேலாண்மை அமைப்பான ‘ஹாஸெம்’ உருவாக்கத்தில் சவூதிப் பொறியாளர்களுக்கும் பங்கு. அந்த ஒப்பந்தத்தில் என்னைக் கேட்டால் கப்பல்களைவிட அந்தப் பொறியாளர்கள்தான் பெரிய வரவு. சதவீதக் கணக்கு ரியாலைத்தான் எண்ணும். யாருக்கு என்ன தெரிந்துவிட்டது என்பதை எண்ணாது.

டிசம்பர் 13, சனி

நண்பர்களுடன் அல்கர்ஜ் வரை போய்வந்தேன். பால்பண்ணைகள், பேரீச்சை. இங்கேதான் 1950-களின் தொடக்கத்தில் நாட்டின் முதல் வெடிமருந்து ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னாளில் ஜெர்மன் உரிமத்தில் ஜி-3 துப்பாக்கியும் செய்தார்கள். அறுபது ஆண்டுக்கு மேல்! அப்படியும் 2016-இல் 2 சதவீதம். உரிமம் வாங்கிச் செய்வதோடு நின்றால் இவ்வளவுதான் போலும்.

திரும்பும்போது அப்கைக் எண்ணெய் ஆலை பற்றிப் பேச்சு வந்தது. 2019 செப்டம்பர் 14: டிரோன்களும் ஏவுகணைகளும் தாக்கியதில் நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. நாட்டின் உற்பத்தியில் பாதி. இங்கே உழைத்துப் பிழைக்கும் எவருக்கும் வான்பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் 2015 முதல் யேமனில் சவூதிக் கூட்டணி வீசிய குண்டுகளும் இதே செலவுக் கணக்கில் வந்தவைதானே. நான் அளந்து அனுப்பும் உருப்படி எதில் போய்ச் சேர்கிறது என்று எனக்குச் சொல்வதில்லை. இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

பதினொரு மணிக்கு இளைஞர் தாமாகவே எந்திரத்தை நிறுத்தினார். ஆபரேட்டர் கோபித்துக்கொண்டார். “சத்தம் மாறிவிட்டது” என்றார் இவர். எனக்கு மாறியதாகத் தெரியவில்லை. வெட்டுமுனையைக் கழற்றி விளக்கின்கீழ் பிடித்தோம், ஓரம் தேய்ந்திருந்தது. மைக்ரோமீட்டரில் அந்த உருப்படி இன்னும் அளவுக்குள் இருந்தது. அடுத்தது இருந்திருக்காது.

அன்றைய கேள்விக்கு இப்போது பதில் சொன்னேன்: “இந்தக் காது உங்களுடையது.” அவர் சிரிக்கவில்லை. தேய்ந்த முனையைத் துணியில் சுற்றி, தேதி எழுதித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். இன்றைய சோதனைத் தாளில் முதன்முறையாக அவர் கையொப்பமிட்டார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான்.