ஒருக்களித்துப் படுக்க விடாத இடுப்பு

பேண்ட்டின் பக்கவாட்டுப் பைக்கு நேராகக் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். ஓடுகிறவர்களுக்கு மாதக்கணக்கில் விடாமல் ஒட்டிக்கொள்ளும் இடுப்பு வலி பல நேரம் இந்த முண்டைச் சுற்றித்தான். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். சாரம் (லுங்கி) மாற்ற ஒற்றைக்காலில் நின்றால் சுரீர் என்னும். ஓடும்போது முதல் கிலோமீட்டர் வலித்து, உடம்பு சூடானதும் அடங்கி, மறுநாள் காலை படியிறங்கும்போது கணக்கைத் தீர்க்கும்.

இதை ‘மூட்டுத் தேய்மானம்’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பல பேருக்கு மூட்டில் ஒன்றும் இருக்காது, பழுது தசைநாணில் இருக்கும். ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள். அவற்றின் நாண்கள் வந்து ஒட்டுகிற இடம் அந்த முண்டு. அதற்கு மேலே, இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. கால் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போகும்போதும், இடுப்பு ஒரு பக்கம் சரியும்போதும் இந்தப் பட்டை நாணை எலும்போடு சேர்த்து நசுக்கும். நாண் இழுவையைத் தாங்கும். இழுவையும் நசுக்கலும் சேர்ந்து தினமும் ஆயிரக்கணக்கான தடவை வந்தால்தான் நைந்துபோகும்.

இது புரிந்தால் வழக்கமான வைத்தியம் ஏன் பலிப்பதில்லை என்பதும் புரியும். ‘பிடிச்சிக்கிட்டு இருக்கு, நல்லா இழுத்து விட்டா சரியாயிரும்லா’ என்று காலைக் குறுக்கே போட்டு இழுப்பார்கள். இழுக்கிற நேரம் சுகமாக இருக்கும். ஆனால் பட்டை நாணை நசுக்குவதும் அதே நிலையில்தான். முண்டின் மேலேயே கட்டைவிரலை வைத்துச் சுளுக்கு வழிப்பதும், உருளையைப் போட்டு அதன்மேல் உருள்வதும் இதே கதைதான். தைலம் போட்டே ஆகவேண்டும் என்றால் பிட்டத்துச் சதையில் மெதுவாகத் தடவலாம், எலும்பின் மேல் வேண்டாம்.

நாள் முழுக்க நடக்கும் சின்னச் சின்ன நசுக்கல்களை முதலில் நிறுத்த வேண்டும். டீக்கடையில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்பது, ஆபீஸ் நாற்காலியில் கால்மேல் கால் போடுவது, பிள்ளையை ஒக்கலில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவது. ஒக்கலில் வைப்பதற்கென்றே இடுப்பை ஒரு பக்கம் தள்ளுகிறோம், நாண் அங்கே முழு இழுப்பில் இருக்கும். நாற்பது தாண்டிய பெண்களுக்கு இந்த வலி அதிகம் வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தரையில் பத்தமடைப் பாய் மட்டும் விரித்துப் படுக்கிறவர்கள், வலி அடங்கும்வரை அதன்மேல் தடித்த மெத்தை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். மல்லாக்கப் படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. நல்ல பக்கம் ஒருக்களித்தால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை, அதுவும் முழங்காலில் இருந்து கணுக்கால் வரை தாங்குகிற மாதிரி. முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கும், பலன் பாதிதான்.

உடற்பயிற்சிக்கு வருவோம். 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் இதே வலியுள்ள 204 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மேலே சொன்ன மாதிரியான நடைமுறை அறிவுரையும் பயிற்சியும், இன்னொன்றுக்கு ஸ்டீராய்டு ஊசி, மூன்றாவதற்குப் பொறுத்துப் பார்ப்பது. எட்டு வாரத்தில் தேறியதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு முறையே 77, 58, 29 பேர். ஒரு வருடம் கழித்து 79, 58, 52. ஊசி போட்டதும் ஓடப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்களை ஒருதரம் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அசையாமல் தள்ளும் பயிற்சி. மல்லாக்கப் படுத்து, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு துண்டைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இரண்டு தொடையும் இடுப்பளவு விலகியிருக்க வேண்டும். துண்டை வெளியே தள்ளுங்கள், முழுப்பலம் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். 30 முதல் 45 விநாடி, ஐந்து தடவை, நாளுக்கு இரண்டு வேளை. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று போட்டுப் பார்த்து, மூன்றைத் தாண்டினால் தள்ளுவதைக் குறையுங்கள்.

அடுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக்காலில். பிறகு வாசல்படி. 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரப் படியில் மூன்று எண்ணி ஏறி, மூன்று எண்ணி இறங்குங்கள். எட்டுத் தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று எதிரே கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாய்ந்தால் நாண் மறுபடி நசுங்குகிறது என்று அர்த்தம், படியின் உயரத்தைக் குறைக்க வேண்டும். இது லேசானதும் பள்ளிப் பையில் இரண்டு கிலோ அரிசி, பிறகு ஐந்து கிலோ. பலபேர் தடுமாறும் இடம் இதுதான். வலி குறைந்ததும் பாரம் ஏற்றாமலே நிறுத்திவிடுவார்கள். ஓடும்போது ஒற்றைக்காலில் விழும் பாரம் உடல் எடையைவிட இரண்டு மடங்குக்கு மேல். வெறும் எடையில் படியேறி அதற்குத் தயாராக முடியாது. பன்னிரண்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா கிடப்பதும் மருந்தில்லை. ஒரு மாதம் படுத்தால் வலி போகும், கூடவே நாணின் தாங்குதிறனும் போகும். அதன்பின் பழைய தூரத்தை ஓடினால் பழைய வலி.

அரைமணி நேர வேக நடை வலிக்காமல் முடிந்து, சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்து ஒற்றைக்காலில் 30 விநாடி வலியில்லாமல் நிற்க முடிந்தால் ஓட்டத்தைத் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை, வாரத்தில் மூன்று நாள். தீர்ப்புச் சொல்வது அடுத்த நாள் காலை. படியிறங்கும்போது நேற்றைவிடக் கூடுதலாக வலித்தால் அதே அளவில் நில்லுங்கள். இல்லாவிட்டால் ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டலாம். மேடும் வேகமும் கடைசியில்.

சாலையின் சரிவை யாரும் கவனிப்பதில்லை. மழைநீர் வடிய ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். எதிரே வரும் வண்டி தெரியட்டும் என்று வலது ஓரமாக ஓடுகிறோம், சரிதான். ஆனால் திரும்பி வரும்போதும் வலது ஓரம்தான். ஆகவே போக வர இரண்டு தடவையும் வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். தென்காசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் இப்படி ஓடினால் இடுப்புக்குச் சமதளமே கிடைக்காது. வலி ஆறும்வரை வாய்க்கால் கரையில் சமமான மண்பாதையோ, பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியமோ நல்லது. ஸ்டேடியத்திலும் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால், கூட்டமில்லாத நேரத்தில் வெளிப்பாதையில் பாதி தூரம் எதிர்த்திசையில் ஓடுங்கள்.

அங்கே இன்னொன்றும் பழகலாம். தரையில் போட்டிருக்கும் வெள்ளைக்கோடு இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கட்டும். இடது பாதம் இடப்பக்கம், வலது பாதம் வலப்பக்கம், எதுவும் கோட்டை மிதிக்கக் கூடாது. பிறகு அரை நிமிடத்தில் வலது கால் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணுங்கள். 40 என்றால் நிமிடத்துக்கு 160 அடி. அதை 42-க்குக் கொண்டுவாருங்கள், வேகம் கூட வேண்டாம், அடி சிறிதாகட்டும். இடுப்பு உள்ளே சாய்வது குறையும்.

வலி முண்டில் இல்லாமல் கவட்டையின் ஆழத்தில் இருந்தால் மேலே சொன்னது எதையும் செய்யாதீர்கள். அந்த ஆழத்து வலி நொண்ட வைத்தால், ஓய்விலும் ராத்திரியிலும் விடாமல் இருந்தால் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம். குதித்துப் பரிசோதிக்க வேண்டாம், விரிசல் முழு முறிவாகிவிடலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், எம்ஆர்ஐ தேவைப்படும். நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், அதிகம் குடிப்பவர்கள் என்றால் எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியோ தெரிந்த எலும்பு டாக்டரோ, அன்றைக்கே போங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது வேண்டவே வேண்டாம். சித்திரை வைகாசி வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வலியையும் மறைத்துவிடும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

வலி முழுக்கப் போனபிறகும் படியேறும் பயிற்சியை வாரம் இரண்டு நாள் விடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு ஓட முடியாத வாரங்களில் மூன்று நாளாக்கிக்கொள்ளலாம். அரிசிப் பையும் வாசல்படியும் போதும்.