“ஆகலாம்” என்று சொன்னேன்

“போன வாரம் 600 துடிப்பு, இன்று 1200. அப்படியானால் பலனும் இரண்டு மடங்காகுமா?” என்று எங்கள் மூளைத் தூண்டல் ஆய்வுக்கு வந்திருந்தவர் கேட்டார். காந்தத் துடிப்பு தரும் சுருளை அவர் தலையில் பிடித்தபடியே “ஆகலாம்” என்றேன். அந்த ஒரு சொல் இன்னும் என்னை உறுத்துகிறது.

தெரியாமல் சொன்னதல்ல. இரண்டு விநாடி தூண்டி எட்டு விநாடி ஓய்வு விடும் தீட்டா பர்ஸ்ட் முறையில் 600 துடிப்புகள் கொடுத்தால் உடலை அசைக்கும் மூளைப் பகுதியான இயக்கப் புறணி இன்னும் எளிதில் தூண்டப்படும், அதாவது அதன் தூண்டல்தன்மை கூடும் என்று 2005-இல் ஆய்வு வந்தது. அதையே இரு மடங்காக்கினால் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது என்று 2010-இல் இன்னொன்று வந்தது. நாங்கள் சோதித்ததே அதைத்தான்.

எதிர்பார்ப்பை அவரிடம் சொல்லியிருக்கவும் முடியாது. சொன்னால் தன்னையறியாமல் கையை இறுக்கியிருப்பார். தசை சற்று இறுகினாலே, துடிப்புக்குப் பதிலாகத் தசையில் எழுந்து பதிவாகும் மின் அலை பெரிதாகிவிடும். இது சரியான காரணம்தான். ஆனால் “தெரியாது, அதைத்தான் பார்க்கிறோம்” என்றும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மை, ஆய்வையும் கெடுத்திருக்காது. அப்போது எனக்குச் சுருள் நகராமல் இருப்பதுதான் பெரிதாக இருந்தது. கேள்வி சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைத்தேன்.

முடிந்ததும் ஆள்காட்டி விரலை அசைக்கும் தசையில் மறுபடி அளந்தோம். தொடக்கத்தில் ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு எழுந்த அலை ஏறக்குறைய பாதியாகியிருந்தது. திரை அவர் கண்ணிலும் பட்டுவிட்டது. “என் கை பலவீனமாகிவிட்டதா?”

இது கையின் வலிமை அல்ல, மூளையிலிருந்து தசைக்குப் போகும் பாதை எவ்வளவு எளிதில் விழித்துக்கொள்கிறது என்பதன் அளவு. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று விளக்கினேன். தலையசைத்தார். முன்பு “ஆகலாம்” என்றதற்கும் இப்படித்தான் தலையசைத்தார்.

இதில் இன்னொரு சிக்கல். அலை குறைந்ததற்கு 1200 துடிப்புகள்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவர் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். சுருள் சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கலாம். 600 துடிப்புகளுக்கே ஒருவருக்குக் கூடுகிறது, இன்னொருவருக்குக் குறைகிறது. 50-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த 2013 ஆய்வில் சராசரியாக மாற்றமே தெரியவில்லை. அன்று கூடியிருந்தால் இதை எழுதியிருப்பேனா? எழுதியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். சொன்ன சொல் அப்போதும் அதேதான்.

எலெக்ட்ரோடுகளைக் கழற்றிய பிறகு, கிளம்பும் வரை அவர் அந்த விரலை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.