அடியில் கூம்பு, மேலே அகல மூடி

ஜனவரி 6

பியருக்கும் தேன்மதுவுக்கும் சேர்த்து ஒரே கூம்பு ஃபெர்மென்டர் (நொதிக்க வைக்கும் கலன்) வாங்குவது என்று தீர்மானம். எதை என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கண்ணாடிக் குடுவையைத் தூக்கிச் சாய்த்துக் கழுவுவது முதுகுக்கு ஆகவில்லை. தெளிந்ததை உறிஞ்சி இறக்கும் சைஃபன் டியூபின் நுனி வண்டலில் படாமல் பிடித்துக்கொண்டே நிற்பதும் அலுத்துவிட்டது.

விற்பவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: வண்டல் அடியில் சேரும், வால்வைத் திறந்து கழித்துவிடலாம், ஈஸ்ட்டை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாம். பியருக்குச் சரி. தேன்மதுவுக்கு இதில் எவ்வளவு பொருந்தும் என்று பார்க்கவேண்டும்.

ஜனவரி 9

உருளையும் கூம்பும் சேர்ந்த இந்த வடிவம் பெரிய மது ஆலைகளிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோபோல்ட் நாதன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கூம்பின் முனைக்கோணம் பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதைவிடத் தட்டையானால் ஈஸ்ட் சரிந்து இறங்காமல் சுவரிலேயே தங்கிவிடும். அதைவிடக் கூரானால் கலனின் உயரம் தேவையில்லாமல் ஏறும்.

ஆலைக் கலனில் ஈஸ்ட்டின் மேல் பல மீட்டர் உயரத்துக்குத் திரவம் நின்று அழுத்துகிறது. வீட்டுக் கலனில் அரை மீட்டர்கூடத் தேறாது. ஆகவே சுவரில் ஒட்டிய ஈஸ்ட் தானாக வழுக்கி வரும் என்று நம்பக்கூடாது. கலனை லேசாகத் தட்டியோ திருகியோ விடவேண்டும். வால்வைச் சட்டென்று திறந்தால் வண்டலின் நடுவே ஓட்டை விழுந்து நல்ல பியர் கொட்டிவிடும், கழிக்க நினைத்த கசடு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். மெதுவாகத்தான் திறக்கவேண்டும்.

ஜனவரி 10

விளம்பரத்தில் மொத்தக் கொள்ளளவு மட்டும் போடுகிறார்கள். கூம்புக்குள் எவ்வளவு என்பதை யாரும் சொல்வதில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விட்டம் 30 செ.மீ., கோணம் 60 டிகிரி என்றால் கூம்பின் உயரம் 26 செ.மீ. அதன் கொள்ளளவு 6 லிட்டருக்குச் சற்று மேல். ஆகவே 5 லிட்டர் சோதனைக் காய்ச்சல் போட்டால் எல்லாமே கூம்புக்குள் அடங்கிவிடும். மேலே பெரிய வெற்றிடம், பக்கவாட்டில் செருகிய வெப்பமானிக் குழல் காற்றில் தொங்கும். சின்ன அளவில் பலவகை செய்து பார்க்க விரும்புகிறவருக்கு இந்தக் கலன் எதற்கு?

அடுத்தது பக்கக் குழாய், அதாவது தெளிந்த திரவத்தை எடுக்கும் ரேக்கிங் ஆர்ம். இது கூம்பின் முனையிலிருந்து பாதி உயரத்தில், 13 செ.மீ.யில், நுழைந்தால் அதற்குக் கீழே முக்கால் லிட்டர்தான் நிற்கும். முக்கால் உயரத்தில் நுழைந்தால் 2.6 லிட்டர் கீழே மாட்டிக்கொள்ளும். சில அங்குல வித்தியாசத்துக்கு மூன்றரை மடங்கு இழப்பு! வெளியிலிருந்து திருப்பக்கூடிய வளைகுழாயாக இருந்தால் வாயை மேலே வைத்துத் தொடங்கி, கசடு வராத எல்லைவரை கீழே இறக்கலாம். இது இல்லாத கலன்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஜனவரி 14

இன்று தேன்மதுக் கணக்கு. 20 லிட்டர் கரைசலில் 7 கிலோ தேன் இருந்தால் தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) ஏறக்குறைய 1.100. முழுக்க நொதித்து 1.000க்கு வந்தால் ஆல்கஹால் 13 சதவீதத்தைத் தொடும். அந்த 7 கிலோவில் சர்க்கரை மட்டும் ஐந்தரை கிலோவுக்கு மேல். நொதிக்கும் சர்க்கரையின் எடையில் கிட்டத்தட்ட பாதி கரியமில வாயுவாகிவிடும். ஒரே கலனிலிருந்து இரண்டரை கிலோவுக்கு மேல் வாயு.

பெரும்பகுதி தானாக ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) வழியே போய்விடும். கரைந்து நிற்பதுதான் வம்பு. தேனில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் முதல் சில நாட்கள், சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீரும்வரை (இங்கே அடர்த்தி 1.067 அளவுக்கு வரும்வரை), ஊட்டத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறோம். வாயு நிறைந்த கரைசலில் உலர்ந்த தூளைக் கொட்டினால் அத்தனையும் பொங்கித் தரைக்கு வந்துவிடும். முதலில் கிளறி வாயுவை வெளியேற்றவேண்டும். பிறகு ஊட்டத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றவேண்டும்.

அதற்கு மூடி அகலமாக வேண்டும். துடுப்பும் கையும் தாராளமாகப் போகவேண்டும். மூன்று அங்குல வாய் மட்டும் வைத்த அழகான கலன்கள் இங்கேயே தோற்றுவிட்டன. மேலே கால் பங்காவது காலியாக இருக்கவேண்டும் என்பதால் 20 லிட்டருக்கு 27 லிட்டர் கலன். கால்கள், அடிவால்வு, ஏர்லாக் எல்லாம் சேர்த்து அது குளிர்பெட்டிக்குள் நிற்குமா என்றும் அளக்கவேண்டும்.

அப்புறம் அந்த ஈஸ்ட் சேமிக்கும் வசதி. 13 சதவீத ஆல்கஹாலில் களைத்துப்போன ஈஸ்ட்டை எடுத்து வைத்து என்ன செய்ய? தேன்மதுவுக்கு அது பயனற்ற வசதி.

ஜனவரி 15

பிளாஸ்டிக்கா எவர்சில்வரா? பெட் (PET) பிளாஸ்டிக் கலனில் உள்ளே நடப்பது தெரியும். வண்டல் எங்கே நிற்கிறது என்று பார்த்தே வால்வைத் திறக்கலாம். ஆனால் கொதிநீர் ஆகாது, தேய்த்தால் விழும் கீறலில் கிருமி குடியிருக்கும், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட பியரை வெளிச்சத்திலிருந்து மறைத்தே வைக்கவேண்டும். எவர்சில்வர்தான் என் பக்கம்.

ஜனவரி 19

வால்வு. எல்லோரும் கடைசியில் யோசிக்கும் இதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும் என்று தோன்றுகிறது. பந்து வால்வைத் திறந்தால் முழு வழியும் திறக்கும், கெட்டியான கசடும் தடையில்லாமல் இறங்கும். ஆனால் பந்தைச் சுற்றியுள்ள இடுக்கில் பழைய திரவம் தங்கும். ஒவ்வொரு முறையும் மூன்று துண்டாகக் கழற்றிக் கழுவினால்தான் சுத்தம். சோம்பேறிக்குப் புளித்த பியர் நிச்சயம். பட்டாம்பூச்சி வால்வில் அந்த இடுக்கு குறைவு, கிளாம்ப்பைத் தளர்த்தினால் கையில் வந்துவிடும். அதன் தட்டு வழியின் நடுவிலேயே நிற்பதால் ஹாப்ஸும் பழச்சக்கையும் அதில் மாட்டிக்கொள்ளும். அவற்றை வலைப்பையில் கட்டிப் போட்டால் தீர்ந்தது.

பட்டாம்பூச்சியே இருக்கட்டும். திருகு மரை வேண்டாம், எல்லா இணைப்பும் வளையம் போட்டு இறுக்கும் ட்ரை-கிளாம்ப்.

ஜனவரி 20

அழுத்தம் தாங்கும் கலன் வேண்டுமா என்ற கேள்வி. இந்தவகை வீட்டுக் கலன்கள் பல 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தோடு நின்றுவிடும். 4 டிகிரி குளிரில் பியருக்கு வாயு ஏற்ற 12 போதும். அறை வெப்பத்தில் ஏறக்குறைய 30 வேண்டும். அதாவது குளிர்விக்க வழியில்லாதவருக்கு இந்த வசதி காகிதத்தில் மட்டும். எனக்குக் குளிர்பெட்டி இருக்கிறது, ஆனாலும் வாயு ஏற்றுவது கெக்கில் (அழுத்தம் தாங்கும் பியர் பீப்பாய்) நடக்கும். சாதாரண மூடி போதும்.

ஜனவரி 27

தேன்மது மாதக்கணக்கில் முதிரவேண்டும். அத்தனை காலம் அது கூம்பில் கிடந்தால் பியருக்கு இடமில்லை. வண்டலைக் கழிக்கக் கழிக்க மேலே வெற்றிடமும் கூடும், ஆக்ஸிஜனும் கூடும். இன்னொன்று: தேன்மது கெடாமல் நிலைப்படுத்தப் போடும் மெட்டாபைசல்ஃபைட் உப்பிலிருந்து வரும் கந்தக டை ஆக்ஸைடு, திரவத்துக்கு மேலுள்ள ஈரச் சுவரில் சாதாரண 304 ரக எவர்சில்வரை அரிக்கும். அதனால்தான் ஒயின் தொட்டிகளின் மேல்பகுதியை அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரகத்தில் செய்கிறார்கள். ஆக, முதல் நொதித்தல் மட்டும் கூம்பில், பிறகு கழுத்துவரை நிரம்பிய கண்ணாடியில். குடுவையிலிருந்து முழு விடுதலை இல்லை. சரி, முதுகு இன்னும் கொஞ்சம் உழைக்கட்டும்.

பிப்ரவரி 2

ஆர்டர் போட்டாயிற்று. 27 லிட்டர், 304 ரகம், 60 டிகிரி, முழு வாய் மூடி, பட்டாம்பூச்சி அடிவால்வு, திருப்பும் பக்கக் குழாய். பார்த்ததிலேயே பளபளப்பு குறைந்த கலன் இதுதான்.

பிப்ரவரி 11

வந்துவிட்டது. உள்ளே துடைத்த துணி கறுத்தது, பட்டறை எண்ணெய். வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் கரைத்து ஊறவைத்துக் கழுவினேன். அதன் பின் சிட்ரிக் அமிலக் கரைசல். குளோரின் பிளீச் பக்கமே போகக்கூடாது, எவர்சில்வரில் புள்ளிப்புள்ளியாகக் குழி விழும்.

தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க வைத்ததில் பக்கக் குழாயின் அடியில் மட்டும் கசிவு. கேஸ்கட் (இணைப்பின் ரப்பர் வளையம்) மடங்கி உட்கார்ந்திருந்தது. சரியாக வைத்து இறுக்கியதும் நின்றது. பக்கக் குழாயைக் கீழே திருப்பி வடித்தபோது அடியில் மிஞ்சிய தண்ணீரை அளந்தேன்: ஒரு லிட்டருக்குக் கீழே. முதல் காய்ச்சல் பியர். புது ஈஸ்ட்டை எடுத்து வைக்க அதுதான் தோது.